பாம்புப் பெட்டியின் தட்பவெப்பம்: பொருளும் தடைவிடையும்

வளர்ப்புப் பாம்பின் பெட்டிக்குச் சரியான வெப்பநிலை என்று ஒன்று கிடையாது, இரண்டு உண்டு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருத்தல் வேண்டும். என்னை? பாம்பு உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சூட்டுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்ந்தே அதைச் சரிசெய்துகொள்ளும் உயிராகலின் என்க. இவ்வளவு எளிய செய்தி தெரிந்திருந்தும் வளர்ப்போர் ஒற்றை எண்ணைத் தேடி அலைவதே இத்துறையின் வரலாறு.

இந்தியாவில் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே ஆய்வுக்களம் பிரிட்டன். ஆய்வுப்பொருள் அங்கே வரவேற்பறை மூலையில் குடியிருக்கும் பால் பைதான் (ball python). அஞ்சினால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இச்சிறு மலைப்பாம்பின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. எலி வளையிலும் கறையான் புற்றிலும் வசிக்கும். பிறர் கட்டிய புற்றில் குடியேறும் விஷயத்தில் அதற்கும் நம்மூர்ப் பாம்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சூடான முனையின் தரை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 25, 26 என்பது வளர்ப்போரிடையே பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. வெளியே ஜனவரி மாத மான்செஸ்டர். உள்ளே, நாலடிப் பெட்டிக்குள், கானா.

அற்றேல், மலைப்பாம்பு தானே சூடு உண்டாக்குவதை 1841இல் பாரிஸில் அளந்தே கண்டனரே எனின், அது வேறு இனம்; அதுவும் முட்டையைச் சுற்றி அடைகாக்கும் தாய். பால் பைதானுக்கு அந்தச் சலுகை இல்லை. போர்த்திவிட்டால் போதாதோ எனின், போதாது. அமெரிக்க விலங்கியலாளர் ரேமண்ட் கவுல்ஸ் பல்லிகளுக்கு மென்மயிர்க் கோட்டு மாட்டியே பார்த்துவிட்டார். உள்ளே சூடு இல்லாத உயிருக்குக் கோட்டு வெளிச்சூட்டையும் வரவிடாமல் தடுத்தது. அவரும் சார்லஸ் போகர்ட்டும் 1944இல் வெளியிட்ட பாலைவன ஊர்வன பற்றிய ஆய்வுதான், இடம் மாறுவதே இவ்வுயிர்களின் வெப்ப நிர்வாகம் என்பதை நிலைநாட்டியது.

சூடு தரும் கருவிகள் பல. அடியில் விரிக்கும் ஹீட் மேட், மேலிருந்து காயும் பல்பு, வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டர் ஆகியவை முக்கியமானவை. மேட் கட்சிக்கும் பல்பு கட்சிக்கும் உள்ள பகையை விவரித்தால் கட்டுரை முடியாது. எக்கட்சி ஆயினும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இன்றியமையாதது. கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டவல்லது. பால் பைதானின் உதட்டோரக் குழிகள் இருட்டில் எலியின் உடற்சூட்டையே கண்டுபிடிக்கும். அத்தகைய உயிர் தன் வயிற்றுக்கடியில் சுடுவதை அறிந்து விலகாதோ எனின், பல வேளை விலகாது. அடியிலிருந்து வரும் சூட்டில் படுத்தபடியே வெந்துபோன பாம்புகள் மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. பீங்கான் ஹீட்டருக்குக் கம்பிக்கூண்டு போடாவிட்டால் அதையும் சுற்றிக்கொள்ளும்.

தெர்மோஸ்டாட்டின் உயிர் அதன் சென்சார்; இத்துறையின் துன்பியல் முழுவதும் அங்கேதான் நிகழ்கிறது. சென்சார் தான் கிடக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். இரவில் பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த முனைக்குத் தள்ளிவிட்டால், கருவி பெட்டி முழுவதும் குளிர்ந்துவிட்டதாக நம்பி ஓய்வின்றிச் சூடேற்றும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தாலும் அப்படியே. பாம்பு அதன்மேல் சிறுநீர் கழித்தாலும் கணக்கு பிழைக்கும். இவ்வளவும் நடக்கையில் முகப்பில் ஒளிரும் எண் பொய் சொல்வதே இல்லை. கேட்கப்படாத இடத்தைப் பற்றி உண்மை சொல்கிறது. இதனால் அனுபவசாலிகள் சென்சாரை உருவிவிட முடியாதபடி இறுக்கிக் கட்டுவர். வேறொரு தெர்மாமீட்டரை வைத்து முதலாவதை வேவு பார்ப்பர்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டையே பெரிதும் காட்டும். பாம்பு வசிப்பது கண்ணாடியில் அன்று. அகச்சிவப்புத் துப்பாக்கி தரையின் சூட்டைச் சரியாகச் சொல்லும், காற்றினதைச் சொல்லாது. அதை வாங்கியவர் முதல் வாரத்தில் தேநீர், ஜன்னல், மனைவியின் நெற்றி ஆகியவற்றையும் அளப்பார். இதனால் பாம்புக்குக் கேடில்லை.

குளிர் மிகின் பாம்பு விழுங்கிய எலி செரியாது, திரும்ப வெளிவரும். நீடித்தால் மூச்சுக்குழல் நோய் வரும். சூடு மிகின் விலகிச் செல்லக் குளிர்முனை வேண்டும். இங்கே ஒரு மனக்குறையையும் பதிவுசெய்தல் தகும்: இவ்வளவு செலவில் சூடாக்கிய முனையை விட்டுப் பாம்பு நாள்கணக்கில் குளிர்முனையிலேயே சுருண்டிருக்கும். அது பழுதன்று. இரு முனையிலும் ஒளிவிடம் வைத்தாலே இந்தத் தேர்வு உண்மையானதாகும். ஒரு முனையில் மட்டும் வைத்தால் பாம்பு சூட்டைவிட மறைவையே தேர்ந்தெடுக்கும்.

மின்வெட்டு நேரத்தில் பெட்டியைக் கம்பளியால் மூடுவதும், துணி சுற்றிய வெந்நீர்ப் பையைப் பக்கத்தில் வைப்பதும் வழக்கம். நலமாயிருக்கும் பாம்பு சில மணிநேரக் குளிர்ச்சியைத் தாங்கும். வீட்டில் உள்ளது ஒரே வெந்நீர்ப் பை எனின், அது யாருக்கு என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.