கண்ணாடியில் கண்ட பத்மினி

சித்தூர் ராணி பத்மினியின் பிரதிபிம்பத்தைக் கண்ணாடியில் ஒரே ஒரு தரம் கண்டுவிட்டு அலாவுதீன் கில்ஜி பட்ட பாடும் படுத்திய பாடும் கர்ணபரம்பரையாக நாம் கேட்டுவரும் கதை. அந்த ராணியின் திருநாமத்தைத் தாங்கி, இத்தாலியப் பியட் வம்சத்தில், பம்பாய் குர்லாவில் 1986-ஆம் ஆண்டு ஜனித்த என்னுடைய பிரீமியர் பத்மினிக்கு ஒரு முன் கண்ணாடி தேடி நான் பட்ட பாட்டைப் பாட எந்தக் கவிராயரும் முன்வராமையால், அதை நானே வசனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மதுராந்தகத்து ஏரி காத்த ராமரைச் சேவிக்கத் தாயாருடன் புறப்பட்ட ஒரு சனிக்கிழமை, செங்கற்பட்டைத் தாண்டியதும், முன்னே சென்ற லாரியின் சக்கரம் சுண்டைக்காய்ப் பிரமாணமுள்ள கல் ஒன்றை எங்கள் மீது பிரயோகித்தது. என் வண்டியில் இருந்தது பழைய 'டஃபன்டு' கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று காற்றூதிக் குளிர்விக்கப்படும் இந்த ஜாதிக் கண்ணாடி, மேல்தோல் இறுகி அடக்கமே உருவாக நிற்க, உள்ளுக்குள் ஓயாமல் குமுறிக்கொண்டிருப்பது. முப்பது வருஷம் வாய் திறவாத தலைமைக் குமாஸ்தா, காப்பி ஆறிப்போயிற்று என்ற அற்ப காரணத்துக்காக ஒரு நாள் ஆபீஸையே இரண்டாக்குவாரே, அதுபோல அது ஒரே கணத்தில் வெடித்துக் கற்கண்டாக எங்கள் மடியில் சொரிந்தது. ராமரை மானசீகமாகச் சேவித்துவிட்டு, முகத்தில் பூச்சிகள் மோத ஊர் திரும்பினோம்.

புதுக் கண்ணாடி விற்கும் கடைகளில் வண்டியின் பெயரைச் சொன்னதும், காலமாகிவிட்ட உறவினரை விசாரித்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் மெக்கானிக் காட்டிய வழியில், கூவத்தின் கரையிலுள்ள புதுப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவுகள் ஒரு பக்கம், கியர்ப் பெட்டிகள் ஒரு பக்கம் என்று மோட்டார் வாகனங்கள் பஞ்சபூதங்களாகப் பிரிந்து கிடக்கும் அவ்விடத்தில், ஒரு கடைக்காரர், சாக்குகளுக்கிடையே புஸ்தகங்கள்போல் அடுக்கியிருந்த கண்ணாடிகளிலிருந்து ஒன்றை உருவி நிறுத்தினார்.

"லேமினேட்டடு சார். நடுவுல பிளாஸ்டிக் இருக்குது. உடைஞ்சாலும் உதிராது."

தேங்காய் வாங்கிய அநுபவத்தில் அதைச் சுண்டிப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. நல்ல கண்ணாடியின் லட்சணம் அது கண்ணுக்குத் தெரியாதிருப்பதே. ஆகையால் அதை வாங்கப் போகிறவனுக்குப் பரீட்சிக்க அதன் குறைகளைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை.

"ஓரத்தில் பால் பூத்திருக்கிறதே?"

"அது பீடிங்குக்குள்ள போயிடும் சார்."

"இந்த வைப்பர் கோடு?"

"அது மழையில தெரியாது சார்."

2,500 ரூபாய் என்றவர் 1,800-க்கு இறங்கியபோது, எதிர்த்த டீக்கடையின் பலகையை அக்கண்ணாடி வழியே நெளியாமல் படிக்க முடிந்ததையே போதுமான யோக்கியதாபத்திரமாகக் கொண்டு வாங்கிவிட்டேன்.

அதைப் பொருத்திய வைபவம் காணத்தக்கது. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றிலும் செலுத்தி, சோப்புத் தண்ணீர் தடவி, பையன் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்த, மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து கயிற்று நுனியை இழுத்தார். உறங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவும் தாயின் நிதானத்தோடு அவர் இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு அங்குலம் அங்குலமாகத் தகரத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல், பாக்கியிருந்த தரிசனத்துக்காகத் தாயாருடன் மறுபடியும் மதுராந்தகம் புறப்பட்டேன். வெயில் எதிரே சாய்ந்ததும் கண்ணாடி தன் பூர்வாசிரமத்தை வெளியிடத் தொடங்கிற்று. வைப்பர் கோடுகள் வானவில்லாக வளைந்து மின்ன, அவற்றுக்கு மேலே, எப்போதோ உரித்தெடுத்த ஸ்டிக்கரின் தடம் மெல்ல எழுந்தது. எழுத்துக்கள் இடவலமாய்த் திரும்பியிருந்தன. நடுவில் இருந்த வேல் மட்டும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வேலாகவே நின்றது. பரம்பரை வைஷ்ணவக் குடும்பத்து வண்டி. போவதோ ராமர் சந்நிதிக்கு. கடைக்காரர் இதைப் பிரஸ்தாபிக்கவேயில்லை என்று பதறி, திங்கட்கிழமையே சுரண்டிவிடுவதாகத் தாயாரிடம் சமாதானம் சொன்னேன்.

அவள் கண்களை இடுக்கிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள்.

"நம்ம பெருமாளோட மருமான்தானேடா? மாமா ஆத்துக்கு வழி அவனுக்குத் தெரியாதா? பேசாம ஓட்டு."