பள்ளிக்கரணைக்கு வாங்க, படகு உண்டு

சதுப்புநிலம் பார்க்க வேண்டும் என்று பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் ராத்திரி பஸ் ஏறுகிற சென்னைவாசிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பறக்கும் ரயிலில் வேளச்சேரியில் இறங்கினால் போதும். உலகம் அங்கீகரித்த சதுப்புநிலம் காலடியிலேயே கிடக்கிறது. காலடியில் என்றால் நிஜமாகவே காலடியில், ரயில் நிலையத்துக்குக் கீழே.

2022-இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் ஏறியது. 1,247 ஹெக்டேர். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று சான்றிதழ் வந்தது, அரசு பூரித்தது. இயற்கை, வரலாறு, உள்ளூர்ச் சாப்பாடு மூன்றையும் காலையில் போய் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். இப்படியோர் இடத்துக்குச் சுற்றுலாக் கையேடு இல்லாமல் இருக்கலாமா? இதோ, என்னால் ஆனது.

முதலில் இயற்கை. ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் நல்லது. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டுங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். பூநாரைகள் கூட்டமாக நிற்கும். கூழைக்கடா வரும், தாழைக்கோழி கோரைக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். கரையோரம் ஒரு நெடுங்கால் உள்ளானைக் கவனியுங்கள். சிவந்த மெல்லிய கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, ஊசி அலகைச் சேற்றில் செருகும். முதல் தடவை ஷாம்பு பாக்கெட். உதறிவிட்டு மறுபடி செருகும். பால் கவர். மூன்றாவது தடவைதான் புழு. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்து சேரும் வலசைப் பறவைகளுக்கு மாநகரம் வைக்கும் விருந்தில் இப்படித்தான் வரிசைமுறை.

பின்னணியில் ஒரு மலை தெரியும். பரங்கிமலைக்குத் தெற்கே இன்னொரு மலையா என்று குழம்ப வேண்டாம். அது பெருங்குடிக் குப்பைமேடு. 200 ஏக்கருக்கு மேல் பரந்தது. மாநகராட்சி பல பத்தாண்டுகளாக லாரி லாரியாகக் கொட்டி எழுப்பியது. மழை பெய்தால் அதன் அடியிலிருந்து கறுப்பாகக் கசியும் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். சதுப்புக்குள்தான் அது உட்கார்ந்திருக்கிறது, வேறெங்கே போகும்? 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் சான்றிதழும் வந்தது. குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஒருத்தன் வயிற்றில் பிளாஸ்டிக்கைத் திணித்துவிட்டு, பிறகு ஆபரேஷனுக்கு டெண்டர் விட்டால் அதையும் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா என்பது மட்டும்தான் என் சந்தேகம்.

2007-இல் இந்தச் சதுப்பின் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். நல்ல சட்டம். வலையோடு இறங்கினால் வனக்குற்றம். லாரியோடு இறங்கினால் திடக்கழிவு மேலாண்மை.

அடுத்தது வரலாறு. வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன, பார்க்கலாம். ஆனால் உண்மையான நினைவுச் சின்னங்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் எழுந்தவை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் இந்தச் சதுப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்தது. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது என்கிறார்கள் சூழலியலாளர்கள். போனது எங்கே என்று பார்க்க அகழாய்வெல்லாம் தேவையில்லை. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ஒரு நடை போனால் போதும்.

தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். கடலை ஆராய்கிறவர்களுக்கு, கடலுக்குப் போகிற தண்ணீர் தங்கும் இடத்திலேயே மனை ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே தேசியக் காற்றாற்றல் நிறுவனம். அந்தப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். சதுப்பை நடுவில் கிழித்துக்கொண்டு ஓடும் 200 அடிச் சாலை. பறக்கும் ரயில். குப்பைமேடு. வரிசையாக எண்ணிப் பாருங்கள்: மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி, ரயில்வே. தரிசு, யாருக்கும் உதவாத சேறு என்று ஒருவர் காகிதத்தில் எழுதினார், மற்றவர் கட்டிக்கொண்டார். அரசு வழி திறந்து வைத்த பிறகு தனியார் சும்மா இருப்பார்களா? ஐடி காரிடார் வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, பால்கனியில் நின்றே பறவை பார்க்கலாம் என்ற விளம்பரங்கள் வந்தன. பால்கனி இருக்கிற இடத்தில்தான் போன வருஷம் அந்தப் பறவை நின்றுகொண்டிருந்தது என்பதை மட்டும் பிரசுரத்தில் போடவில்லை.

இத்தனைக்கும் சதுப்பு சும்மா கிடக்கவில்லை. தென் சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்து, இங்கேதான் வந்து சேரும். சதுப்பு அதை வாங்கி வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு விடும். அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், கடல். சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, ஒரு நாள் லீவும் போட்டதில்லை. அதைத்தான் தரிசு என்றார்கள்.

ராம்சர் பட்டம் வந்த பிறகாவது நிறுத்தினார்களா? ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கொடுக்காதே என்று 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சான்றிதழை வாங்கும்போது எல்லை தெரிந்தது; அனுமதி கொடுக்கும்போது மட்டும் எல்லை எங்கே என்று இனிமேல்தான் அளந்து பார்க்க வேண்டுமாம்.

சரி, பசிக்கும். உள்ளூர்ச் சாப்பாடு என்றால் இங்கே ஒரு காலத்தில் விரால், கெளுத்தி, கெண்டை. இப்போது சாலை நெடுக பிரியாணி, ஷவர்மா, மோமோ. பரவாயில்லை, சதுப்பின் ருசிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சாலையோரம் தேடலாம். ஒரு அம்மா நீல டப்பில் ஜிலேபி மீனைத் துள்ளத் துள்ள வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஏரி மீன்க்கா?"

"செம்பரம்பாக்கம், தம்பி. உயிரோட கீது பாரு."

அவருக்குப் பின்னால் கம்பி வேலியில் ஒரு வலை சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப்புறம் சதுப்பு.

"அப்ப அந்த வலை?"

"மீன் வாங்க வந்தியா, வம்பு வளக்க வந்தியா?"

கேட்டது நியாயமான கேள்விதான். பிடித்த இடத்தைச் சொன்னால் வழக்கு. சொன்னாலும் குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டே யார் வாங்குவார்கள்? இந்த மண்ணின் மீனுக்கு இந்த மண்ணின் பேரைச் சொல்லி விற்க முடியாத நிலைக்கு அந்த அம்மாவைக் கொண்டு வந்து விட்டவர்கள் யாரும் அந்த மீனைச் சாப்பிடப் போவதில்லை.

படகு உண்டா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. பிச்சாவரத்தில் டிக்கெட், வரிசை, நேரக்கட்டுப்பாடு என்று ஆயிரம் தொல்லை. இங்கே வடகிழக்குப் பருவமழையில் படகு உங்கள் வீட்டு வாசலுக்கே வரும். 2015-இல் வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலின்போதும் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எங்கும் சவாரிதான். இந்தி நடிகர் அமீர்கானையே காரப்பாக்கத்திலிருந்து படகில்தான் ஏற்றி வந்தார்கள். கூட்டம் அதிகமானால் ஏழைக்குத்தான் முறை தள்ளிப்போகும்; அது எல்லாச் சுற்றுலாத் தலத்திலும் உள்ளதுதான். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். வடிகால் பணிகள் நிறைவடைந்துவிட்டன என்ற அறிவிப்பை மக்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதை அந்த வரிசையின் நீளத்தை வைத்து அளந்துகொள்ளலாம்.

கடைசியாக, தங்குமிடம். இதற்கு மட்டும் அரசே பெரிய அளவில் ஏற்பாடு செய்திருக்கிறது. 2000-இலிருந்து துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் மூன்று நான்கு தலைமுறையாக இருந்தவர்களை, "நீர்வழியை ஆக்கிரமித்திருக்கிறீர்கள், வெள்ளம் வந்தால் உங்கள் உயிருக்கு ஆபத்து" என்று சொல்லி, பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சதுப்பின் ஓரத்தில் இறக்கினார்கள். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நடுவிலும் இறக்கினார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனது. பஸ் செலவுக்குச் சம்பளம் சரியாக இருந்தது.

2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி ஆற்றோரத்திலிருந்து கிளப்பப்பட்டவர்கள், 2023 வெள்ளத்தில் பெரும்பாக்கத்தில் நின்றார்கள். கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாததால் லிஃப்ட் இல்லை, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. சுற்றிலும் மட்டும் தண்ணீர். எட்டாவது மாடியிலிருந்து மாத்திரை வாங்க இறங்கும் ஒரு கிழவியைக் கேட்டுப் பாருங்கள், நீர்வழி ஆக்கிரமிப்பு என்றால் என்னவென்று அரசைவிடத் தெளிவாகச் சொல்வார்.

கூவத்தோரம் குடிசையைப் பிரிக்கப் போனபோது அதிகாரிகள் கையில் நீதிமன்ற உத்தரவு இருந்தது, போலீஸ் இருந்தது, ஜேசிபி இருந்தது, கெடு இருந்தது. நீர்நிலையில் இருப்பவன் எவனாக இருந்தாலும் அகற்று என்பதுதான் சட்டம் என்றால், பசை வாளியையும் நோட்டீஸ் கட்டையும் எடுத்துக்கொண்டு வேளச்சேரி - தாம்பரம் சாலைக்கு வரட்டும். சதுப்பில் உட்கார்ந்திருக்கும் அரசுக் கட்டடங்களின் காம்பவுண்டுச் சுவர்கள் நல்ல அகலம். ஒட்டுவதற்கு இடம் இருக்கிறது. கெடுவும் அதே கெடுவாக இருக்கட்டும். பாத்திரம் பண்டத்தை ஏற்ற லாரி வேண்டுமென்றால், பெருங்குடியில் நிறைய நிற்கிறது.