பாயின்ட் அண்ணன்

கோவை துடியலூரில் மோட்டார் பம்ப்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைத் தெரு எதுவானாலும், அங்கே இந்த ரகத்தில் ஒருவர் இருப்பார். ரேஷன் கார்டில் என்ன பெயரோ, டீ குடிக்கிற பேக்கரியில் அவர் பாயின்ட் அண்ணன்.

வயது ஐம்பதை ஒட்டி. நாலு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், வாசலில் வெள்ளைக் கார். பகல் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் அவருடைய இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பமாகும். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொள்வார். இடது கையில் போன். அதில் தள்ளுபடி ஆப். எதிரே மகளின் லேப்டாப். அதில் ஓட்டலின் சொந்தத் தளம். நடுவில், பெயின்ட் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. டெலிவரி சலான் கணக்குக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்: ஆப் ரேட், டைரக்ட் ரேட், டிபன் உண்டா, பாயின்ட். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை.

அவருக்கு அடிக்கடி வெளியூர்ப் பயணம் உண்டு. பம்ப் தொழிலில் கோவைக்குப் போட்டி ஊர் ராஜ்கோட். அங்கே என்ன விலைக்கு எதைச் செய்கிறார்கள் என்று மோப்பம் பிடிக்காமல் இங்கே பட்டறை நடத்த முடியாது. அது போக அகமதாபாத், புனே, பெங்களூரு. போவது ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரிக்கு எங்கே படுப்பது என்று அவர் தூங்காமல் கழிக்கிற ராத்திரிகள்தான் அதிகம்.

கணக்கை அவர் வாயாலேயே பலமுறை கேட்டாயிற்று. வரி நீங்கலாக 6,000 ரூபாய் அறை. மாரியட் வகையறா ஓட்டல்களில் மெம்பருக்குப் பெரும்பாலும் டாலருக்கு 10 பாயின்ட்; சேர்த்து வைத்தால் இலவச அறை. டாலரை 88 ரூபாய் என்று வைத்தால் 680 பாயின்ட் சொச்சம். பாயின்ட் ஒன்றுக்கு ஐம்பது, அறுபது பைசா தேறும் என்பது இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் மதிப்பு. ஆக, மிஞ்சிப்போனால் நானூறு ரூபாய். அதே அறை ஆப்பில், பேங்க் கார்டு கழிவும் சேர்த்து 5,100. தொள்ளாயிரம் ரூபாய் கையோடு நிற்கிறது. ஆனால் ஆப் வழியாகப் போனால் பெரிய ஓட்டல் கம்பெனிகள் பாயின்ட்டும் தராது, தங்கிய இரவையும் கணக்கில் ஏற்றாது.

"தொள்ளாயிரம் பெருசா, நானூறு பெருசாங்கண்ணா?" என்று பேக்கரியில் யாராவது கேட்டால் அண்ணன் பரிதாபமாகப் பார்ப்பார்.

"அது செத்த காசு கண்ணு. இது குட்டி போடற காசு."

குட்டி போடுகிறதோ இல்லையோ, சாகிற காசுதான் அது. 24 மாதம் தொடாமல் விட்டால் பாயின்ட் காலாவதி. போதாததற்கு, எந்த ஓட்டலுக்கு எத்தனை பாயின்ட் என்று வைத்திருந்த பட்டியலையே 2022 மார்ச்சில் மாரியட் எடுத்துவிட்டது. இப்போது இலவச அறையின் பாயின்ட் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அச்சடிப்பவரே மதிப்பையும் நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம் என்கிற நோட்டை, தொழிலில் கொடுத்தால் அண்ணன் வாங்கமாட்டார். காஸ்டிங்குக்கு அட்வான்ஸாக அப்படி ஒரு நோட்டை நீட்டிப் பாருங்கள், தெரியும்.

இந்த வியாதியின் பூர்வீகத்தையும் அவர் ஒப்பிப்பார். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்தது. 1983இல் ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதை ஓட்டலுக்குக் கொண்டுவந்தன. யாருக்காக என்பதைத்தான் சொல்லமாட்டார். கம்பெனி காசில் ஊர் சுற்றும் விற்பனை அதிகாரிகளுக்காக. அறை வாடகை கம்பெனி தலையில், பாயின்ட் தன் பையில். அவர்கள் தள்ளுபடி கேட்பானேன்? தள்ளுபடி கிடைத்தால் லாபம் முதலாளிக்கு அல்லவா? ஓட்டல்காரர்களின் கெட்டிக்காரத்தனம் அதுதான். நம் அண்ணன் விஷயத்தில் கம்பெனியும் அவரே, அதிகாரியும் அவரே. தன் பட்டறைக்குத் தானே நஷ்டம் வைத்துத் தனக்குத் தானே லஞ்சம் கொடுத்துக்கொள்கிற முதலாளியை வேறெங்கே பார்ப்பது?

இவருக்கு நேர் எதிர்க்கட்சி இவர் வீட்டுக்குள்ளேயே உண்டு. அண்ணியின் தம்பி, ஆஃபர் மாப்பிள்ளை. ஐந்து ஆப், மூன்று பேங்க் கார்டு. செவ்வாய்க்கிழமை எந்தக் கார்டுக்குக் கழிவு, வெள்ளிக்கிழமை எதற்கு என்பது அவர் மூளையில் பஞ்சாங்கம் மாதிரி ஏறியிருக்கும். தங்க வேண்டிய நாளன்று சாயங்காலம் வரை அறை போடமாட்டார். விலை இன்னும் விழும் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று ஆப்பைத் தடவிக்கொண்டிருப்பார். கடைசியில் கிடைக்கிற அறை லிஃப்டை ஒட்டி இருக்கும். ராத்திரி முழுக்க மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் எண்ணிக்கொண்டு படுத்திருப்பார். "எத்தனைக்குப் போட்டேன் தெரியுமா?" என்று மறுநாள் காலை கேட்கும்போது கண் மட்டும் சிவந்திருக்கும்.

ஆப்பும் ஓட்டலும் ஒரே விலையை ஏன் காட்டுகின்றன என்ற அரசியலும் மாப்பிள்ளைக்குத் தெரியும். தங்களிடம் கொடுப்பதைவிடக் குறைந்த விலைக்கு ஓட்டல்கள் வேறெங்கும், தங்கள் சொந்தத் தளத்தில்கூட, அறை விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது உட்பட சில காரணங்களுக்காகத்தான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ கூட்டுக்கு 223.48 கோடி அபராதம் போட்டது. இதைச் சொல்லிவிட்டு, "அதனால டைரக்ட்ல போட்டா லாபம்னு நெனைக்கறது சுத்தப் பேத்தல் மச்சா" என்று முடிப்பார். உத்தரவில் இருந்து இப்படி ஒரு முடிவு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது.

ஆனால் மாப்பிள்ளைக்கே தெரியாமல் மாப்பிள்ளையும் மதம் மாறிக்கொண்டிருக்கிறார். புக்கிங் டாட் காமில் இரண்டு வருஷத்துக்குள் 5 தடவை அறை போட்டால் ஜீனியஸ் இரண்டாம் நிலை, 15 தடவை போட்டால் மூன்றாம் நிலை. போன மாதம் வேறொரு ஆப்பில் இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்த அறையை விட்டுவிட்டு, "இன்னும் ஒண்ணு போட்டா மூணாவது லெவல்" என்று இதிலேயே போட்டார். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டது.

அண்ணனின் லட்சியம் மாரியட்டின் கோல்டு மெம்பர் ஆவது. வருஷத்துக்கு 25 இரவு தங்கினால் கோல்டு, 50 என்றால் பிளாட்டினம். 2023இல் வந்த ஹெச்டிஎஃப்சி மாரியட் கார்டை முதல் ஆளாக வாங்கினார்; 3,000 ரூபாய் கட்டணமும் வரியும் கட்டினால் வருஷத்துக்குப் பத்து இரவை அந்தக் கார்டே கணக்கில் ஏற்றிவிடும். மீதிப் பதினைந்தை மட்டும் உடம்பால் படுத்துத் தீர்க்க வேண்டும். ஒரு டிசம்பர் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 24. ஒன்று குறைகிறது. ராஜ்கோட்டுக்கு ஓடுவது வாராந்திர ரயில், நேரமில்லை. அண்ணன் ஒரு பையில் லுங்கியும் பல் விளக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டு ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார். சொந்த வீட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம். வீட்டில் சண்டை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அண்ணி விளக்கம் சொல்லப் போய், அதற்குச் சண்டையே கௌரவம் என்று விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் கோல்டுக்குக் காலை டிபன் கிடையாது. முடிந்தால் கொஞ்சம் நல்ல அறை, கொஞ்சம் கூடுதல் பாயின்ட், மத்தியானம் இரண்டு மணி வரை அறையைக் காலி செய்யாமல் இருக்கலாம். காலை ஏழரைக்கே பட்டறைகளைப் பார்க்கக் கிளம்புகிற மனிதருக்கு இரண்டு மணி எதற்கு?

கூட ஒரு தடவை போனபோதுதான் விஷயம் விளங்கிற்று. வரவேற்பில் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, நிமிர்ந்து, பெயரைச் சொல்லி, "மறுபடியும் வந்ததுக்கு நன்றி சார்" என்றாள். அண்ணனின் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. இதே மனிதர் பெரிய பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவு வாசலில், ஸ்டீல் நாற்காலியில், மூன்று மாதப் பழைய பில்லுக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. "துடியலூர் பார்ட்டி" என்பார்கள். தொள்ளாயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதம் ஆனது. கூப்பன் கோடே கேட்காமல் வந்த தள்ளுபடி என்பதால் மாப்பிள்ளைக்கு அதில் ருசி இல்லை. வரிக்குப் பாயின்ட் கிடையாது என்பதால் அண்ணனுக்கும் இல்லை. அண்ணி ஒருவர்தான் சந்தோஷப்பட்டார்.

அண்ணியின் வழக்கே தனி. துடியலூர் ஊட்டி போகிற பாதை. ஏப்ரல், மே வந்தால் ஈரோடு, கரூர், திருச்செங்கோட்டு ஒரம்பரை பூராவும் மலையேறுவதற்கு முந்தின ராத்திரி இந்த வீட்டில்தான். 2024 மே மாதம் நீலகிரிக்கு இ-பாஸ் வந்த பிறகு, பாஸ் எடுக்க மறந்தவர்களுக்கு இன்னொரு ராத்திரி.

"ஏனுங்க, படுக்க ரூமு, காலைல டிபனு, ரெண்டு மணிக்கு மேலயும் காலி பண்றதில்ல. இருவது வருசமா நடத்தறேன். என்ற ஓட்டலுக்கு இத்தன விசுவாசமா வர்றாங்களே, இவங்களுக்கெல்லாம் நான் என்ன கார்டு குடுக்கறது?"

அண்ணன் லேப்டாப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

போன தை மாதம் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கரூர், துணி ஏற்றுமதி. காலை நேரத்து முகூர்த்தம் என்பதால் முந்தின நாளே வந்து தங்க ஏற்பாடு. அவிநாசி ரோட்டில் ஆறு அறை. பில்லை யார் கட்டுவது என்று வரவேற்பு மேஜை முன்னால் பேச்சு எழுந்தது.

"பொண்ணூட்டுக்காரங்க நாங்க கட்டறதுதானுங்க மொறை" என்றார் அண்ணன்.

"அட, எங்க ஒரம்பரைக்கு நாங்க கட்டிக்கறமுங்க சம்பந்தி. நீங்க சித்தெ சும்மா இருங்க."

"அதெப்படீங்க, ஊருக்கு வந்தவங்கள..."

இருவரும் கார்டை நீட்டிக்கொண்டு கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் சம்பந்திகளா என்று ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜைக்குப் பின்னாலிருந்த பையன்தான் நல்லெண்ணத்தில் வாயைத் திறந்தான்.

"சார், ஒரு மெம்பருக்கு மூணு ரூம் வரைக்கும்தான் பாயின்ட் ஏறும்."

இரண்டு கையும் அப்படியே நின்றன. சம்பந்திகள் ஒருவரை ஒருவர் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார்கள்.

"நீங்க கோல்டுங்களா?" என்றார் கரூர்க்காரர் மெல்ல. "நான் பிளாட்டினமுங்க."

ஜாதகப் பொருத்தம் பார்த்தபோதுகூட அண்ணன் முகத்தில் அத்தனை நிம்மதி இல்லை. ஆளுக்கு மூன்று என்று அரை நிமிஷத்தில் முடிந்தது. பையன் மட்டும் இன்னொரு விதியைச் சொல்ல வேண்டியிருந்தது: பாயின்ட் ஏற வேண்டுமானால் மெம்பர் அந்த மூன்றில் ஒரு அறையில் தங்கியாக வேண்டும்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டு, பழம், பூ, கடைசியாகப் பெண்ணின் அப்பா. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற அண்ணி எல்லோருக்கும் தெளித்துக்கொண்டே வந்தவர், அவருக்கும் தெளித்தார்.

"வாங்க வாங்க. டிபன் சாப்ட்டீங்களா, இல்ல கோல்டுக்குக் குடுக்கலீங்களா?"