சரணம் வராத வீடு

எங்கள் தாமானில் ஒரு வீடு. முப்பது வருஷமாக அங்கே பாட்டு ஓடுகிறது. இதுவரை ஒரு பாட்டுகூடச் சரணத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை சேர்ந்தது. அந்தக் கதை கடைசியில் வருகிறது.

முதலில் வயலின் கூட்டம் எழும்பும். பேஸ் கித்தார் பின்னாலேயே நடந்து வரும். புல்லாங்குழல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வழிவிடும். பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கும். பல்லவியில் இரண்டடி. அவ்வளவுதான், 'டக்'. அரை நிமிஷம் நிசப்தம். எதையோ சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம். மறுபடியும் வயலின் கூட்டம் எழும்பும். இந்தத் தடவை இடப்பக்க ஸ்பீக்கர் அரை அங்குலம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாவம். தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சியில் பாடச் சொன்னால், முன்னிசை முழுவதையும் வாயாலேயே வாசித்துவிட்டு, வணக்கம் சொல்லி இறங்கிவிடுகிறார்கள். பாட்டு என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டுச் செட்டே கதியென்று கிடப்பதால் வீட்டுக்காரருக்குச் செட்டண்ணன் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை. அவர் ஒருத்தர்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா (பழைய ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்த நம்மவர்கள் குடியேறிய தாமான்களில் எல்லாம் ஒரு செட்டண்ணன் இருப்பார். கோயில் இல்லாத தாமான் உண்டு, செட்டண்ணன் இல்லாத தாமானை நான் பார்க்கவில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். புதுமனை புகுவிழாவுக்கு வந்தால் எல்லாரும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். இவர் கூடத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். கொசு அடிக்கிறார் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். கொசு இல்லை, எதிரொலி. தட்டிவிட்டு, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்குவார். "டைல்ஸ் போட்டிருக்கக்கூடாது தம்பி." முப்பது வருஷக் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு அவர் வழங்கும் ஆசி அது.

இவர்கள் பிறந்து வளர்ந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது எங்கள் பக்கத்தில்தான். 1917இல், தென்னமரம் தோட்டத்தில். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னைமரத்தின் பெயர்! நட்டவர் ஆன்ரி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை. பிற்பாடு மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டார். செட்டண்ணன் அந்த நாவலைப் படித்ததில்லை. ஆனால் துரை பங்களாவில் நல்ல கிராமபோன் இருந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "இல்லாம எப்படி எழுதியிருப்பாரு?" என்பார்.

செட்டண்ணனின் பங்களா லயத்து வீடு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்து மரத்தில் ஏறிக் கட்டியதுதான் இந்தத் துறையில் அவருடைய முதல் உத்தியோகம். குழாயில் பேஸ் வராது. நடுச்சுருதி மட்டும் தகரத்தில் ஆணியடித்த மாதிரி அடுத்த டிவிஷன் வரை போகும். மத்தளம் இருப்பது அவருக்குக் கண்ணால்தான் தெரியும்.

பிறகு 1978இல் 'பிரியா' வந்தது. தமிழ்ப் படப் பாடல்களில் முதன்முதலில் ஸ்டீரியோவில் பதிவானவை என்று பேர் வாங்கிய பாட்டுகள். ரஜினி சிங்கப்பூருக்கு வந்துபோன படம் என்பதால் நம் பக்கத்தில் கூடுதல் சொந்தம். அந்த இசைத்தட்டு பெரிய கிராணி வீட்டில் இருந்தது. உள்ளே போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கலாம். ஜன்னல் இருந்தது கூடத்தின் இடப்பக்கம்.

ஆகவே பல வருஷங்களுக்கு இளையராஜாவின் இடப்பக்கம் மட்டுமே இவருக்குத் தெரியும். கித்தார் கேட்கும், அதற்குப் பதில் சொல்கிற வாத்தியம் கேட்காது. ஒருவர் பேசி, எதிரில் இருப்பவர் தலையை மட்டும் ஆட்டுவது போல ஒரு பாட்டு. வேலைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கி, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் வலப்பக்கம் வந்து சேர்ந்தது. "அன்னிக்கு அழுதுட்டேன் தம்பி," என்று சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டு இருக்காது. நானும் சிரிக்க மாட்டேன்.

அந்தப் பெட்டி, தவணையில் வாங்கிய மினி கொம்போ. அட்டையில் 'பிஎம்பிஓ 1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பினால் அதை வைத்துத் தோட்டத்து எஞ்சினையே ஓட்டலாம். பிஎம்பிஓ என்பது கண்சிமிட்டும் நேரத்துக்கு எவ்வளவு வரக்கூடும் என்று விற்பவர் மனம்போல் போட்டுக்கொள்ளும் எண். தொடர்ந்து வருவது அதில் சில்லறை. இது தெரியவந்ததும் செட்டண்ணன் மினி கொம்போவை மச்சானுக்குத் தள்ளிவிட்டு, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைக்கு வார இறுதி தவறாமல் போக ஆரம்பித்தார். உதிரிப் பாகத்துக்குக் கோலாலம்பூர் ஜாலான் பசார். வருஷத்துக்கு ஒரு தடவை பத்துமலை. எத்தனை நடை எதற்கு என்பதை வைத்து அவருடைய பக்தியை அளந்துகொள்ளுங்கள்.

முதலில் வந்தது என்ஏடி 3020 என்ற பழைய ஆம்ப். 1978இல் வெளிவந்த அந்த மாடலுக்கு 20 வாட்தான். ஆயிரத்தைக் கொடுத்து இருபதை வாங்கிய கதையை அண்ணியிடம் விளக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. விளக்கம் என்னவோ சரியானதுதான். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட்டை ஏறக்குறைய 10 மடங்காக்க வேண்டும். அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ பத்து மடங்கு காசு செலவு பண்ணினாத்தான் எனக்கு வித்தியாசம் தெரியும்ங்கிறீங்க." அதற்குப் பிறகு வீட்டில் டெசிபெல் பேச்சு எழவில்லை. ஆனால் அண்ணி கட்டிவந்த கூட்டுப் பணம் விழுந்த மாதத்தில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் ஒன்று வீட்டுக்குள் வந்தது. தங்கச் சங்கிலியைவிடக் கனமாக இருந்தது என்பதைத் தவிர அண்ணி வேறு குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

கருவி சேர்ந்ததும் அறை எதிரியாகிவிட்டது. குறைந்த விலை வீட்டுக் கூடம், அகலம் பன்னிரண்டடி. பன்னிரண்டடி சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி மாட்டிக்கொண்டால் வெளியே போகாது, முன்னும் பின்னும் மோதி வீங்கும். பேஸ் கித்தாரின் அடித்தந்தியில் இரண்டாம் கட்டையில் விரல் வைத்தால் கிட்டத்தட்ட அந்த ஒலிதான். மற்ற சுரங்கள் மனிதனைப் போல நடந்துபோகும், அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் யானை நுழையும். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் படபடக்கும், அலமாரியில் எவர்சில்வர் தம்ளர் நகரும். செட்டண்ணன் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். முட்டை அட்டைக்குப் பேஸ் அடங்காது. கரப்பான் பூச்சிக்குத்தான் வீடு கிடைத்தது. பிறகு மூலைக்கு ஒரு மெத்தையாக நிறுத்தினார். யானை பாதி அடங்கியது. விருந்தாளி தங்க வந்தால் மெத்தை கிடையாது, பாய்தான். "மெத்தை வேலையில இருக்கு," என்பார்.

நம் ஊர்ப் புழுக்கமும் சும்மா விடாது. ஊஃபரின் விளிம்பு பஞ்சு என்றால் பத்துப் பதினைந்து வருஷத்தில் உளுத்து, தொட்டால் கையோடு வந்துவிடும். ரப்பர் விளிம்பு தாங்கும். பஞ்சு விளிம்பை உரித்து ரப்பர் ஒட்டும் நாளில் மட்டும் அவர் யாருடனும் பேசமாட்டார். தரையில் செய்தித்தாள் விரித்து, நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு, சின்னத் தூரிகையால் பசை தடவுவார். கோடு பிசகாது. அம்மா விடியற்காலையில் கித்தா மரத்தில் பட்டை சீவியபோது கோடு பிசகியதில்லை என்று ஒருநாள் தானாகச் சொன்னார். அந்தக் கை அப்படியே வந்திருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமான காதுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. ஒரு தீபாவளிக்கு ஸ்பீக்கர் ஒயரை மாற்றினார். விலையைச் சொல்லமாட்டேன், அண்ணி இதைப் படிக்கக்கூடும். மாற்றியதிலிருந்து எங்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அங்க இல்ல, இங்க ஒக்காரு. தலைய ஆட்டாதே. கேளு லா... சுவரே இல்லாத மாதிரி இல்ல? எஸ்.ஜானகி கோயில் பக்கம் நின்னு பாடுற மாதிரி இல்ல?" இருந்தது. ஜானகி அம்மா கூடத்தைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தார். பேஸைத்தான் காணோம். "அதுதான் சுத்தமான பேஸ், காதுக்குத் தெரியாது," என்றார். மூன்று மாதம் கழித்து, பாலிடெக்னிக்கில் படிக்கிற அவருடைய அண்ணன் மகன் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சித்தப்பா, ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு." ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்திருக்கிறது. தாழ்ந்த ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டது.

சரிசெய்தார். மூன்று நாள் யாரையும் கூப்பிடவில்லை. நான்காம் நாள் அதுவே பாடமாக மாறிவிட்டது. இப்போது வெளியூர் உறவினரைக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி காட்டக் கூட்டிப்போனால், படகில் உட்கார்ந்துகொண்டு, பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒன்றாகக் கண்சிமிட்டுவதைக் காட்டி, "பாத்தியா, இதுக்குப் பேர்தான் ஃபேஸ். ஒருத்தன்கூட ஒயரை மாத்திக் குடுக்கல," என்கிறார்.

ட்வீட்டரில் இவருக்கு இணையாகக் காசு போடுகிறவர் ஊரில் ஒருத்தர்தான் உண்டு: பறவைக்கூடு தௌக்கே. நான்கு மாடி, ஜன்னல் கிடையாது, கூரையெல்லாம் சின்னச் சின்ன ட்வீட்டர். விடியலிலிருந்து உழவாரக் குருவியின் கீச்சொலியை ஓடவிட்டால் நிஜக் குருவி ஏமாந்து உள்ளே வந்து கூடு கட்டும். கூட்டை விற்றால் பணம். இருவரும் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தால் மணிக்கணக்கில் ஆம்ப் பேச்சுதான். ஒருநாள் தௌக்கே கேட்டார், மலாயில்: உன் ஸ்பீக்கருக்கு என்ன வருகிறது? செட்டண்ணன் யோசித்துவிட்டு, "இடி வருது," என்றார்.

உண்மை. மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்தால் சிலாங்கூரில் இடி நிச்சயம். முதல் உறுமலுக்கே எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். ஒருமுறை பிடுங்கத் தாமதமாகி ஒரு ஆம்ப் போனது. இன்னொன்று பல்லியால் போனது. உள்ளே சூடு சுகமாக இருக்கும் என்று போய்ப் படுத்தது, இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி. ஆக, காலையில் வேலை, மாலையில் இடி, இரவில் பக்கத்து வீட்டார். மிச்சமிருக்கிற முக்கால் மணி நேரத்தில் செட்டைச் சரிபார்க்கத்தான் நேரம் சரியாக இருக்கும். முழுப் பாட்டு அடுத்த மாதம் கேட்கலாம், ஒரு கப்பாசிட்டர் மட்டும் மாற்றிவிட்டால்.

அண்ணிக்கு வேறொரு கணக்கு. அந்தக் காலத்தில் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். கிராணி வீட்டுப் பாட்டு பாதியில் இழுத்து, தேய்ந்து, செத்துப்போகும். "யாரோ நிறுத்துறதுக்கு முன்னால இவரே நிறுத்திடுறாரு," என்றார் ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அந்த ஒரு தடவை நடந்தது போன மாதம். ஞாயிற்றுக்கிழமை. மேகம் இல்லை, மெத்தைகள் அதனதன் இடத்தில். வயலின் எழும்பியது, பல்லவி வந்தது, 'டக்' வரவில்லை. அனுபல்லவி போய், இடையிசை போய், சரணம்! துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு, இது எந்தப் பாட்டு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஓடினேன். செட்டண்ணன் சோபாவில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஊசி பாட்டை முடித்து, அடுத்த பாட்டுக்குப் போய், தட்டின் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று அண்ணி கையைக் காட்டினார்.

மறுநாள் காலை ஆம்பைக் கழற்றித் துடைத்து வாசலில் வைத்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"என்னண்ணே?"

"இதுல ஏதோ கோளாறு இருக்கு தம்பி. கேட்டா தூக்கம் வருது."

ஆம்ப் இப்போது விற்பனைக்கு. பஞ்சு, பல்லி, இடி எதுவும் படாதது; விலை பேசலாம். வேண்டியவர்கள் மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, கூட்டுப் பணம் விழுவதற்கு முன்னால் வந்துவிடுங்கள்.