ஒப்படைத்த அண்ணன்

கல்லூரியில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்குச் செயலாளராகப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். ஜனவரி மாதக் கமிட்டியில் "அடுத்த வருஷத்துக்கு யாரு?" என்ற கேள்வி வரும்போது, மற்றவர்களைப் போலக் குனிந்து பைபிளைப் புரட்டாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும். முன்னாள் செயலாளராவதற்குத்தான் தனித் திறமை வேண்டும். கோரிப்பாளையத்திலிருந்து நரிமேட்டுக்கு ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். அந்தத் திறமை கைவராத அண்ணன் ஒருவரையாவது டீக்கடை வாசலில் சந்திக்காமல் போய்ச் சேர முடியாது.

மதுரைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. அமெரிக்க மிஷன் 1834இல் வந்து இறங்கிய ஊர். பசுமலையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 1909இல் இன்றைய இடத்துக்கு வந்தது. 1948இல் லேடி டோக் கல்லூரி, 1969இல் அரசரடியில் இறையியல் கல்லூரி. பையன்கள் கூடி ஜெபிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. அகில இந்திய அளவில் இரண்டு இயக்கங்கள்: 1912இல் பிறந்த எஸ்.சி.எம்., 1954இல் பிறந்த யு.இ.எஸ்.ஐ. இரண்டாவதன் கல்லூரிக் கிளையைத்தான் ஈ.யூ. என்பார்கள். எஸ்.சி.எம்.காரர் கையில் துண்டறிக்கை இருக்கும், ஈ.யூ.காரர் கையில் கிட்டார் இருக்கும் என்று ஒரு காலத்தில் கேலி செய்வோம். விட்டுப் போக மனம் வராத அண்ணன்களைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் சரிசமமான ஆசீர்வாதம்தான்.

இங்கே திருமண்டலத் தேர்தல் மாதிரிச் சுவரொட்டி, வேன், பிரியாணிப் பொட்டலமெல்லாம் கிடையாது. பழைய கமிட்டி ஜெபித்து ஒரு பெயரைச் சொல்லும். பெயர் சொல்லப்பட்டவர் "நான் தகுதியில்லாதவன்" என்பார். மோசேயும் தனக்குப் பேச வராது, வாய் திக்கும் என்று சொல்லித்தான் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அப்படிப்பட்டவர் கடைசியில் விடைபெறும்போது பேசிய பேச்சு உபாகமம் என்று தனிப் புத்தகமாகவே நிற்கிறது, 34 அதிகாரம். நம் அண்ணனும் அதே பரம்பரை. முதல் வெள்ளிக்கிழமை மைக் இல்லாத அறையில் மைக்கைத் தேடியவர், தீபாவளி லீவுக்குள் அறிவிப்பு வாசிக்கவே இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிடுவார்.

ஒப்படைப்புக் கூட்டம் மார்ச் கடைசியில், செமஸ்டர் தேர்வு பயம் எல்லார் முகத்திலும் எட்டிப்பார்க்கும் நேரத்தில் நடக்கும். கேசரி, மிக்சர், டீ. முன்வரிசை மேசையில் ஒரு தகர டிரங்குப் பெட்டி. ஐக்கியத்தின் அசையும் சொத்து மொத்தமும் அதற்குள் அடக்கம். அட்டை பிரிந்த பாட்டுப் புத்தகங்கள், சலங்கை பாதி உதிர்ந்த டாம்பரின், மை காய்ந்த ஸ்டாம்ப் பேடு, விற்காமல் தங்கிவிட்ட போன வருஷக் காலண்டர்கள், யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கைக்குட்டை. கைக்குட்டை யாருடையது என்று நாலு தலைமுறைச் செயலாளர்களுக்கும் தெரியாது. ஆனாலும் பட்டியலில் அதற்கு ஒரு வரிசை எண் உண்டு. துணி பேனரில் ஆண்டு எண் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் ஒட்டி ஒட்டி, அந்த இடம் அப்பளம்போல விறைத்து நிற்கும்.

கணக்கு ஒப்படைக்கும்போது அண்ணன் சாமுவேல் தீர்க்கதரிசியாகிவிடுவார். முதிர்வயதில் ஜனங்கள் முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், சொல்லுங்கள் என்று கேட்டாரே சாமுவேல், அந்தப் பகுதியை வாசித்து, புத்தகத்தை மூடி, சபையை ஒரு சுற்றுப் பார்ப்பார். சபை உருகும். பொருளாளர் தம்பி மட்டும் மெதுவாக எழுந்து, "எருது கழுதை ஒண்ணும் இல்லண்ணே. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வாங்குன வடைக்கு 240 ரூபா பில் இல்ல" என்பான். "அதை ஜெபத்துல வச்சுக்குவோம் தம்பி" என்று அண்ணன் அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்.

அடுத்த பகுதிதான் உச்சம். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரம். பவுல் மிலேத்துவில் எபேசு மூப்பர்களை வரவழைத்து விடைபெறுகிறார். இனி தன் முகத்தை அவர்கள் பார்க்கப்போவதில்லை என்கிறார். எல்லாரும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அண்ணன் இதைச் சொல்லும்போது குரல் கம்மும். முதலாண்டு மாணவிகள் வரிசையில் கைக்குட்டைகள் வெளிவரும். பொருளாளர்கூட 240 ரூபாயை மறந்து மூக்கை உறிஞ்சுவான். பிறகு புதிய செயலாளரின் தலையில் கை வைத்து ஜெபம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த வேதியியல் இரண்டாமாண்டுப் பையன் அவன். கை கனம் தாங்காமல் அவன் கழுத்து கொஞ்சம் உள்ளே போகும். எலியாவின் சால்வை எலிசாவுக்கு, ஆமென், ஃபோட்டோ.

அதே 20ஆம் அதிகாரத்தில் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கத்தை நீட்டியதில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். இந்தப் பகுதியை அண்ணன்கள் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கழுத்தைக் கட்டி அழுதது ஒரு வெள்ளிக்கிழமையா, அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக ஐந்து மணிக்கு, யாருக்காக அழுதோமோ அந்த முகம் வாசலில் நிற்கும். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்." எந்தப் பக்கமாகவும் போகாதவர் அவர். நரிமேட்டில் ஒரு மாடி அறை எடுத்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞனைவிட அதிக ஓய்வுள்ளவன் தமிழ்நாட்டில் இல்லை. இதே ஊரில் கள்ளழகர் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வருகிறார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்பிவிடுகிறார் என்பது மதுரைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கதை. அண்ணனும் சித்திரைக்குச் சித்திரை அந்தக் கூட்டத்தில் நின்று ஜிகர்தண்டா குடித்தவர்தான்.

"நான் பின்னால உக்காந்துக்கிறேன் தம்பி, நீங்க நடத்துங்க" என்பார். பின்வரிசையில் உட்கார்ந்தும்விடுவார். ஆனால் பாட்டு ஆரம்பித்தவுடன் பின்னாலிருந்து அரைக்கட்டை கூடுதலாக ஒரு குரல் எழும்பி, ரெண்டாவது சரணத்துக்குள் மொத்தக் கூட்டத்தையும் தன் சுருதிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். புதுச் செயலாளர் அறிவிப்பு சொல்லும்போது தொண்டையைக் கனைப்பார். ஒரு கனைப்பு என்றால் தேதி தப்பு. இரண்டு கனைப்பு என்றால் ஆடிட்டோரியத்துக்கு அனுமதிக் கடிதம் கொடுக்கவில்லை. முடிவில் மரியாதைக்காகப் பையன், "அண்ணன் ஒரு சின்ன ஜெபம் பண்ணி முடிப்பாங்க" என்று சொல்லித் தொலைத்துவிடுவான்.

அதற்குத்தானே அண்ணன் காத்திருந்தார்! எழுந்து கண்களை மூடுவார். "அன்பின் ஆண்டவரே, இன்னிக்குக் கூட்டம் கால் மணி நேரம் தாமதமா ஆரம்பிச்சதை நீர் அறிவீர். போன வருஷம் அறுபது பேர் கூடிவந்த இந்த இடத்திலே இன்னிக்கு முப்பத்திரண்டு பேரை நீர் காண்கிறீர். பேனர் தலைகீழாய்க் கட்டப்பட்டிருப்பதையும்..." கண்ணை மூடியபடி தலையை எப்படி எண்ணினார், பேனரை எப்படிப் பார்த்தார் என்று கேட்கக்கூடாது. இந்த மாதிரி விமர்சனத்தில் ஒரு சௌகரியம், எதிர்க்கட்சி வாய் திறக்க முடியாது. ஜெபத்துக்கு நடுவே யார் எழுந்து "அண்ணே, காத்து அடிச்சதுல திரும்பிருச்சு" என்று சொல்வது? எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லித் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

வாட்ஸாப் கதை தனி. டிரங்குப் பெட்டிச் சாவியைக் கொடுத்தார், ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்தார், அட்மின் பதவியைக் கொடுக்கவில்லை. கல்லூரிக் கிளைகளைக் கவனித்துக்கொள்ளும் இயக்க ஊழியரான ஸ்டாஃப் வொர்க்கர் அண்ணன் நாசூக்காக ஞாபகப்படுத்திய பிறகு, எபேசு மூப்பர்களுக்குச் சொன்னதன் சுருக்கத்தை நான்கு திரை நீளத்துக்குத் தட்டி அனுப்பிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினார். நாற்பது கண்ணீர் முகங்கள், இருபது கைகூப்புகள். ராத்திரி பதினோரு மணிக்குப் பழைய லிங்க் வழியாக உள்ளே வந்து, "நெட்வொர்க் பிரச்சினை, தவறுதலா வெளியே போயிட்டேன். வாக்குத்தத்த வசனம் யாரும் போடலையா?" என்று ஒரு செய்தி.

அக்காமார்களிடம் இந்த நோய் குறைவு. ஒரு ஃபைலில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்துவிட்டு, "சந்தேகம்னா போன் பண்ணு" என்று போய்விடுவார்கள். சுபாவமே அப்படியா, இல்லை ஆறு மணிக்கு மேல் வெளியே விடாத விடுதிகளின் கைங்கரியமா என்பது ஆராய வேண்டிய விஷயம். டீக்கடை வாசலில் நின்று முன்னாளாக இருப்பதற்கு ஊர் அவர்களுக்கு எங்கே இடம் கொடுத்தது?

அண்ணனிடம் இதைச் சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். உலகப் பெரிய முன்னோடியை எடுத்து வீசினார்: ஜான் மாட். 1895இல் ஸ்வீடனில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்போது வயது 30. அதன் பொதுச் செயலாளராக 1920 வரை இருந்தார். சரி, கிளம்புவார் என்று பார்த்தால் 1928 வரை அதற்கே தலைவர். "கடைசில 1946ல அவருக்கு நோபல் அமைதிப் பரிசு குடுத்தாங்களா இல்லியா?" என்றார் அண்ணன். முப்பத்துமூன்று வருஷ அனுபவத்துக்கு முன்னால் என் வாதம் எடுபடவில்லை.

நான் நம் ஊர்க்காரரை இறக்கினேன். லெஸ்லி நியூபிகின். அவரும் மாணவர் இயக்கத்துப் பிள்ளைதான். 1931 முதல் இரண்டு வருஷம் கிளாஸ்கோவில் எஸ்.சி.எம். செயலாளர். தென்னிந்தியத் திருச்சபை பிறந்த 1947இல், 37 வயதில், மதுரை–இராமநாதபுரம் பேராயரானார். 1959இல் மதுரையை விட்டார். பிறகு சென்னைப் பேராயராக இருந்து 1974இல் ஓய்வு பெற்றபோது, அவரும் மனைவியும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு உள்ளூர் பஸ்களில் மாறி மாறி ஏறி, தரை வழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். "இந்தியாவிலேர்ந்து இங்கிலாந்துக்கே பஸ் இருக்குண்ணே. நரிமேட்டிலேர்ந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு இருக்காதா?" என்றேன்.

அண்ணன் அசரவில்லை. "போய் என்ன செஞ்சாரு?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். போய் பர்மிங்காமில் பாடம் நடத்தினார். அது முடிந்ததும், மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகராகப் போனார். "பாத்தீங்களா" என்று அண்ணன் டீயை உறிஞ்சினார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பது ஆட்டக்காரர்களுக்கு மட்டும் சொன்னதல்ல போலிருக்கிறது.

இதைப் பதவி ஆசை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அதில் ஆசைப்பட என்ன இருக்கிறது? துறைத்தலைவர் அறை வாசலில் அனுமதிக் கடிதத்தோடு கால் கடுக்க நிற்பதா, கையிலிருந்து காசு போட்டு ஜெராக்ஸ் எடுப்பதா? டெங்கு வந்த முதலாண்டுப் பையனோடு இராஜாஜி ஆஸ்பத்திரி வராந்தாவில் நியூஸ்பேப்பரை விரித்து ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தவர் இதே அண்ணன்தான். பையனின் அம்மா கமுதியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, யார் என்ன என்று கேட்காமல் "தம்பி, சாப்பிட்டியா" என்று முதலில் கேட்டது இவரைத்தான். அப்படி ஒரு வருஷம் இருந்துவிட்டு, மறுநாள் காலை குரூப் 4 வழிகாட்டியைத் திறந்து ஐந்தாண்டுத் திட்டங்களை மனப்பாடம் செய் என்றால் எந்த மனுஷனுக்குப் பக்கம் திரும்பும்?

ஸ்டாஃப் வொர்க்கர் அண்ணன் விவரமானவர். முன்னாள்களை நேரே விரட்டினால் ஓடமாட்டார்கள் என்பது அவர் சர்வீஸில் கண்ட உண்மை. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம், யானைமலை தெரியும்படியான ஒரு பள்ளிக்கூடத்தில் புதுக் கமிட்டிக்கு ஒருநாள் பயிற்சி முகாம் வைத்து, மதிய உணவுக்கு முந்தின செய்தியை நம் அண்ணனுக்குக் கொடுத்தார். தலைப்பு: 'பொறுப்பைக் கைமாற்றிவிட்டு நகர்வது'. நேரம் 45 நிமிஷம். அண்ணனுக்குக் குறிப்பு புரிந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரம் ராப்பகலாகத் தயாரித்தார்.

முகாமில் கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அண்ணன் மோசேயை எடுத்தார். எகிப்தில் ஆரம்பித்தார். செங்கடலைத் தாண்டவே நாற்பது நிமிஷம் ஆனது. வனாந்தரத்தில் அவர் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் திண்டில் சாய்ந்து கண்ணயர்ந்த ஒரு பையனைப் பொருளாளர் சத்தமில்லாமல் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சுவரோரம் உட்கார வைத்தான். ஒருமணி நேரம் இருபது நிமிஷத்தில் ஒருவழியாக நேபோ மலை வந்தது. பாருங்கள், யோசுவாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார், மலைமேல் ஏறினார், அவரை அடக்கம் பண்ணின இடம்கூட இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது, அதல்லவா தலைவன் விலகிப்போகும் லட்சணம் என்று அண்ணன் உருகிவிட்டு, "இதில் நான் கவனிக்கும் ஏழு காரியங்கள். முதலாவது..." என்று விரலை மடக்கினார்.

உசிலம்பட்டிப் பையன் எழுந்தான். தலையில் கை வைத்தபோது கழுத்து உள்ளே போன பையன்தான். ஆனால் இந்த மூன்று மாதத்தில் குரல் நன்றாகவே வெளியே வந்திருந்தது.

"அண்ணே, மோசே மேல போயிட்டாருண்ணே. நீங்க கீழ இறங்குங்க, பிரியாணி ஆறுது."