இருநூற்றைம்பது ரூபாய் கோட்டு

தீபாவளி முடிந்து டில்லியில் புகைமூட்டம் இறங்கியதும் எங்கள் லிஃப்டில் முதலில் அந்துருண்டை வாசனை வரும். பின்னாலேயே இவர் வருவார். மற்றவர்கள் எல்லாம் "இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்" என்று அரைக்கைச் சட்டையில் அலையும்போது இவர் மட்டும் சாம்பல் நிறக் கோட்டு, உள்ளே கையில்லாத கருநீல ஸ்வெட்டர், கழுத்தில் கடுகு நிற மஃப்ளர் என்று முழுத் தயாரிப்பில் நிற்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதுதான் சங்கடம். நன்றாக இருக்கிறதே என்று நம் கண் அந்தக் கோட்டின்மேல் அரை விநாடி கூடுதலாகத் தங்கிவிட்டால் தீர்ந்தது.

"எவ்வளவு இருக்கும், சொல்லுங்க?"

மயூர் விகாரோ, துவாரகாவோ, ஆர்.கே. புரமோ, டில்லியில் தமிழர்கள் நாலு குடும்பம் சேர்ந்திருக்கும் இடத்தில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். நாலாவது மாடியில் குடியிருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். அவர் வீட்டு அழைப்பு மணி நாலு வருஷமாக ரிப்பேராக இருக்கும். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

கேள்வி எளிது. பதில் சொல்வதுதான் வித்தை. நமக்கு நிஜமாகத் தோன்றும் விலையை மட்டும் சொல்லவே கூடாது. இரண்டாவது மாடிக்காரர் விவரம் தெரியாமல் "முந்நூறு இருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டார். கோட்டின் விலை இருநூற்றைம்பது. இவர் முகம் தொங்கிப்போயிற்று. அதற்கப்புறம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்த மனிதரின் தண்ணீர் மோட்டார் புகாரை இவர் வாசிக்கவே இல்லை. சரி, உயர்த்திச் சொல்லலாமே என்று ஐம்பதாயிரம் என்று அள்ளிவிட்டாலும் ஆபத்து. கிண்டல் என்று கண்டுபிடித்துவிடுவார். "தெரியலையே சார்" என்று நழுவவும் முடியாது. "சும்மா ஒரு மதிப்புக்குச் சொல்லுங்க, தப்பா இருந்தா என்ன இப்ப?" என்பார். லிஃப்டு கீழே வந்து, கதவு திறந்து, மூடி, யாரோ அழைத்து மறுபடி ஆறாவது மாடிக்குப் போகும். நாமும் கூடவே போவோம்.

அனுபவப்பட்டவர்கள் நாலாயிரத்தில் ஆரம்பிப்பார்கள். முகம் மலரும்.

"கீழ வாங்க."

"மூவாயிரம்?"

"இன்னும் கீழ."

ஏலம் தலைகீழாகப் போகும். ஆயிரத்துக்கு வந்ததும் நாம் நின்றுவிட வேண்டும். "இதுக்குக் கீழ எப்படி சார்? தையல் கூலியே அவ்வளவு ஆகுமே!" இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் பார்ப்பார். வருமான வரிக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "டூ ஃபிஃப்டி" என்பார். நாம் "அடேயப்பா" என்போம். அதையும் அவசரத்தில் சொல்லக் கூடாது. ஒரு கணம் நம்ப முடியாமல் நின்று, துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று நான் ஒரு நாள் தொடாமல் சொல்லிவிட்டேன். "நீங்க சரியா கவனிக்கலை" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விலை முடிந்தால் வம்சாவளி. வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சியவையும் சின்னக் குறைக்காகக் கழித்தவையும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு வந்து குவிகின்றன. லேபிளைப் பாதியில் வெட்டிவிட்டு விற்பார்கள். இரண்டு மூன்று எழுத்து மிஞ்சியிருக்கும். மீதியை இவர் இட்டு நிரப்பிக்கொள்வார். சென்ற குளிர்காலத்தில் ஒரு ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டையைப் புரட்டிக் காட்டி, இது ஸ்பெயின் கம்பெனி, அங்கே கடையில் எடுத்தால் பன்னிரண்டாயிரம் என்று பாடம் நடத்தினார். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். அது சலவைக் குறிப்பு. இஸ்திரி போடக் கூடாது என்று எழுதியிருந்தது.

இவருடைய பூகோளமே தனி. சரோஜினி நகருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில்தான் புது மூட்டை பிரிப்பார்கள் என்பது இவர் சித்தாந்தம். ஜன்பத்திலும் காஷ்மீரி கேட் பக்கத்திலும் கடை போட்டிருக்கும் திபெத்தியப் பெண்களிடம் மஃப்ளர். அவர்கள் அதை லூதியானாவிலிருந்து கொண்டுவருகிறார்கள் என்பதால், நேரே லூதியானாவுக்கே ரயிலேறிவிட்டால் என்ன என்ற யோசனையும் உண்டு. "பனியன்னா திருப்பூர், ஸ்வெட்டர்னா லூதியானா. நடுவுல இருக்கிறவன் எல்லாம் புரோக்கர்" என்பார். பானிபட்டில் 1526, 1556, 1761 என்று மூன்று போர்கள் நடந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வெளிநாட்டார் கழித்துப்போட்ட கம்பளித் துணியை அந்த ஊரில் கிழித்து, நூலாக்கி, போர்வையாக நெய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே இவர் பஸ் பிடித்துப் போய் நான்காவது போரை நடத்திவிட்டு வந்தார். கொண்டுவந்தது ஆறு போர்வை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

சோதனை வேறு. ஒரு நூலை உருவி, லைட்டரில் காட்டுவார். முடி கருகிய நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக். சோதனை உண்மையானதுதான், மறுக்கவில்லை. கடையில் தொங்கும் ஸ்வெட்டருக்குச் செய்தால் எனக்கென்ன? என் வீட்டுக்கு வந்து, நான் போட்டுக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரின் கைமுனையிலிருந்து நூலை உருவினால்? "சுத்த கம்பளின்னா சார் சொன்னான்? பாருங்க, மணி!" என்று அந்தக் கறுப்பு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தார். என் மாமியார் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் அது. மாமியார் அப்போது சமையலறையில் இருந்தார்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம், இவர் சொல்வது தப்பாக இருந்தால். தப்பாக இருக்காது. டில்லி வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. சுவரைச் சூடாக்கும் ஏற்பாடெல்லாம் கிடையாது. ஜனவரியில் பகல் வேளையில் வீட்டுக்குள்ளேதான் குளிர் அதிகம், ஜனங்கள் வேர்க்கடலையோடு மொட்டை மாடிக்குப் போய் வெயிலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை மூவாயிரம் கொடுத்து வாங்கி, உள்ளே பருத்தி பனியனோடு நடுங்குவார்கள். இவர் உபதேசம் வேறு.

"சூடு துணியில இல்ல சார். ஒரு துணிக்கும் இன்னொரு துணிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட காத்துல இருக்கு."

உடம்பை ஒட்டி ஒரு தெர்மல். அதன்மேல் முழுக்கைச் சட்டை. அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர். கடைசியாகக் காற்றுப் புகாத ஒரு கோட்டு, முன்பக்கம் திறக்கிற மாதிரி. மெட்ரோவில் ராஜீவ் சௌக் நெரிசலில் வியர்க்கும், திறந்துவிட வேண்டும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு வெளியே வந்ததும் நம்மேலேயே குளிரைக் கொட்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. நிறத்தில் எல்லாம் அடக்கமாக இருக்கட்டும், சாம்பல், கருநீலம், பழுப்பு. மஃப்ளர் ஒன்று மட்டும் பேசட்டும். புடவைக்குக் கழுத்து மூடிய கம்பளி ரவிக்கை, செருப்பு மாட்டத் தோதாகக் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ். துவைக்கப் பச்சைத் தண்ணீரும் பூந்திக்கொட்டையும். புதிதாக வாங்குவதென்றால் பிப்ரவரி கடைசியில், கடைக்காரன் மூட்டை கட்டும் நேரத்தில். இதில் எதை மறுப்பது? கடைப்பிடித்துப் பார்த்தேன். குளிரவில்லை. எரிச்சலாக இருந்தது.

போன வருஷம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு பையன், டெனிம் ஜாக்கெட்டும் ரப்பர் செருப்புமாக டிசம்பரில் எங்கள் வாசலில் பல் கிட்டிப்போய் நின்றான். இவர் அவனை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டில் பலகையைத் தூக்கி, உள்ளே முக்கால் உடம்பையும் விட்டுத் தேடி, தலை முதல் கால் வரை உடுத்தி அனுப்பினார். கீழே இறங்கி வந்த பையனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சினிமாவில் கதாநாயகன் வெளிநாடு போய் இறங்குகிற காட்சியில் விட்டுவிடலாம், அப்படி இருந்தான். ஒரு பைசா வாங்கவில்லை இவர். ஆனால் பரீட்சை உண்டு.

"தம்பி, எல்லாம் சேர்த்து எவ்வளவு இருக்கும், சொல்லு?"

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு விலையே இல்ல சார்" என்றான்.

"விலை இல்லாம எப்படிப்பா? அறுநூத்தி நாப்பது."

இவரை மடக்க முடியாது என்று நினைத்திருந்தேன். ஒரு பொங்கல் விழாவில் அது நடந்தது. கரோல் பாக் பக்கத்திலிருந்து இதே இனத்தைச் சேர்ந்த இன்னொருவர் வந்திருந்தார், பழுப்பு நிற ட்வீட் கோட்டில். இருவரும் கைகுலுக்கிக்கொண்டே ஒருவர் கைமுனையை ஒருவர் விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்கள். இவர் டூ ஃபிஃப்டி என்றார். வந்தவர் நூற்றெண்பது என்றார். இவர் மஃப்ளரை எடுத்து அறுபது என்று வீசினார். வந்தவர் நிதானமாகக் கோட்டுப் பொத்தானைத் திறந்து, "இது மாமனார் போட்டுக்கிட்டிருந்தது. சும்மா வந்தது" என்றார். அன்று இவர் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொள்ளவில்லை.

மிச்சம் பிடித்த கணக்கை அவர் மனைவியிடம் கேட்க வேண்டும். கோட்டு இருநூற்றைம்பது. போய்வர ஆட்டோ முந்நூறு. தோள்பட்டையைப் பிரித்துத் தைக்க முந்நூற்றைம்பது. முன்னால் போட்டவன் வாசனை போக டிரை கிளீனிங் இன்னொரு முந்நூறு. "குளிர்காலத்துல இவர் மிச்சம் பிடிச்சதை வச்சு வெயில் காலத்துல ரெண்டு பெட்டிக் கட்டில் வாங்கினோம், கோட்டு வைக்க" என்றார் அந்த அம்மாள். சிரிக்காமல்தான் சொன்னார்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் இருக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று டில்லியில் பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901-க்குப் பிறகு டிசம்பரில் அப்படிக் குளிர்ந்த பகல் வந்ததில்லை என்றார்கள். அன்றைக்கு எங்கள் காலனி வாசலில் ஒரு பையன் தள்ளுவண்டியில் கையுறையும் குல்லாவும் போட்டு "தோ சௌ, தோ சௌ" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் கையில் கையுறை இல்லை. விற்கிற சரக்கைப் போட்டுக்கொண்டால் அழுக்காகிவிடும் என்றான். நாலு அடுக்குக்குள் சௌக்கியமாக நின்றுகொண்டு இவர் அவனிடம் அரைமணி நேரம் பேரம் பேசினார். நடப்பதுபோல் நடந்து திரும்பி, வேறு வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்து, இருநூறு சொன்னதை நூற்றிருபதுக்கு வாங்கினார். அந்த எண்பது ரூபாயில் இவருக்குக் கிடைத்தது லிஃப்டில் சொல்ல ஒரு கதை. அவனுக்குப் போனது ராத்திரிச் சாப்பாடு. மலிவாக வாங்கத் தெரிவது திறமைதான். யாரிடமிருந்து மலிவாக வாங்குகிறோம் என்று ஒரு நிமிஷம் பார்க்கத் தெரியாதது திறமை அல்ல. இதை அவரிடம் நேரே சொன்னேன். "நீங்க இருந்தா இருநூறே கொடுத்திருப்பீங்க, எனக்குத் தெரியும்" என்று என் தோளைத் தட்டினார், பரிதாபமாக.

இடம் பொருள் ஏவல் என்று ஏதாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. ஜனவரியில் பழைய நண்பர் ஒருவரைக் கொண்டுபோய் நிகம்போத் காட் சுடுகாட்டில் விட்டோம். யமுனைக் கரையில் பனிமூட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. எல்லோரும் தலை குனிந்து நின்றோம். இவர் கறுப்பு ஓவர்கோட்டில், அந்த இடத்துக்குத் தக்க கம்பீரத்தோடு நின்றார். இறந்தவரின் தம்பி, ஊரிலிருந்து ராத்திரி விமானத்தில் வந்தவர், மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு இவரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான், பார்த்தார். இவர் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். எனக்கே நெஞ்சு நெகிழ்ந்தது. பிறகு குனிந்து அவர் காதருகே ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று உங்களுக்கும் தெரியும். அந்த மனிதர் கைகூப்பியபடியே "அஞ்சாயிரம் இருக்குமா?" என்றார். தெரியாத ஊரில், அண்ணனைப் பறிகொடுத்த நிலையில், முதல் தடவையிலேயே சரியான பதில்.

ஆகவே இந்த வகையினருக்கு, குறிப்பாக நாலாவது மாடியில் இருப்பவர்களுக்கு, ஒரு விண்ணப்பம். கடையில் தொங்கவிடுவதுபோல ஒரு சின்ன அட்டையில் விலையை எழுதி, கோட்டுப் பொத்தானில் கட்டிவிடுங்கள். வேண்டுமானால் அடித்த பழைய விலையும் மேலே இருக்கட்டும். எதிரில் வருகிறவர்கள் படித்துவிட்டு, துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முறைப்படி "அடேயப்பா" சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம். வாசலில் நிற்க வைக்காதீர்கள், குளிருகிறது.