இறாலா, ஹில்ஸாவா?

கே: கால்பந்து கிளப்புகளுக்காக அடித்துக்கொள்வதில் இந்தியாவில் முதலிடம் எந்த ஊருக்கு?

ப: சந்தேகமென்ன, கொல்கத்தாவுக்குத்தான்! 1889-இல் தொடங்கிய மோகன் பகான், மேற்கு வங்கத்து மண்ணின் மைந்தர்களின் செல்லப்பிள்ளை. 1920-இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் உயிர். மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்ஸா மீன். 1997-இல் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரண்டும் மோதியபோது, சால்ட் லேக் மைதானத்தில் கூடியவர்கள் 1,31,781 பேர்! பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. கணவன் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி என்றால், அன்றைக்கு அடுப்பு எரிவதே சந்தேகம். ஒன்று மட்டும் நிச்சயம்: எந்த அணி தோற்றாலும் மீன்காரர் தோற்பதில்லை!